தகரப் பெட்டியில் மூன்று கற்கள்

பெரியப்பாவின் வருஷத் திவசம் முடிந்த மறுநாள், பெரியம்மா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். "எல்லாம் கல்லும் மண்ணும்தான், தூக்கிப் போடலாம்னு பார்த்தேன், உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, எடுத்துட்டுப் போடா" என்றார். பெரியப்பா தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களில் சர்வேயராக இருந்தவர். இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான். பெட்டிக்குள் சர்வே நோட்டுகள், கண்ணாடி உடைந்த காம்பஸ் ஒன்று, அடியில் சுற்றி வைத்த மூன்று பொட்டலங்கள். மூன்றிலும் கல். மூன்றிலும் இலை. எதிலும் ஒரு வரி எழுத்து இல்லை.

சர்வேயருக்கு இது அழகா என்று எனக்குக் கோபமே வந்தது. நிலத்துக்கு அடியில் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று அங்குலம் பிசகாமல் வரைந்தவர், ஒரு கல்லை எங்கே எடுத்தேன் என்று பென்சிலால் ஊர்ப் பெயர் எழுதி வைத்திருக்கக் கூடாதா? (அந்தக் கோபம் இப்போது இல்லை. காரணம் கடைசியில் வரும்.)

நான் படித்தது வணிகவியல், வேலை வங்கியில். பாறை, ஃபாசில் என்கிற புதைபடிவம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கிறுக்கு. அதனால் இதை நிபுணர் எழுதியதாக நினைத்துப் படிக்காதீர்கள். மூன்று கற்களோடு ஒருவன் ஏழு மாதம் அல்லாடிய கதை, அவ்வளவுதான்.

முதலில் பொட்டலங்களைப் பிரித்தேன். கறுஞ்சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அளவு கல் ஒன்று, அதில் நாக்கு மாதிரி நீளமான ஒற்றை இலை. அது 1991-ஆம் வருடத் தமிழ்த் தினசரியில் சுற்றியிருந்தது. இரண்டாவது வெளிறிய சந்தன நிறக் கல், மெத்தென்று இருந்தது, அதில் சீப்பு போல இரண்டு பக்கமும் சிற்றிலை வைத்த ஒரு ஓலை. அது இந்திச் செய்தித்தாளில், 1983. மூன்றாவது தட்டையான வெளிர் மணற்கல், அதன் மேல் கருப்பு மையால் வரைந்தது போல அழகான பெரணிச் செடி. அதற்குக் காகிதம் இல்லை, ஒரு பழைய வேட்டித் துணி.

எனக்குள் இருந்த துப்பறிவாளர் உடனே விழித்துக்கொண்டார். இந்தித் தாள் என்றால் தன்பாத்தில் சுற்றியது, ஆகவே சந்தனக் கல் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது. தமிழ்த் தாள் என்றால் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது சுற்றியது, ஆகவே கறுப்புக் கல் நம்ம ஊர். எவ்வளவு சுலபம்! இரண்டு சீட்டு எழுதி ஒட்டியும் விட்டேன். இரண்டுமே தப்பு.

மூன்றாவது கல்லை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. பார்க்க இருப்பதிலேயே அழகு அதுதான், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கையில் எடுத்தார்கள். ஆனால் அது இலையே இல்லை. பாறை விரிசலுக்குள் நீர் கசியும்போது மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் படிந்து படிந்து கிளை விடும், ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூ விடுவது போல. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: நரம்பு இருக்காது, காம்பு இருக்காது, கிளைகள் எல்லாம் கல்லின் விரிசல் விளிம்பிலிருந்து கிளம்பி உள்ளே போகும். எந்தச் செடியும் பாறையின் ஓரத்திலிருந்து முளைக்காதே. இதே போன்ற கோலம் விழுந்த ராஜஸ்தான் மணற்கல்லை வெளிநாட்டில் தோட்டத்துத் தரைக்கு 'ஃபாசில் மிண்ட்' என்று பெயர் வைத்தே விற்கிறார்கள். பெரியப்பாவும் ஏமாந்திருப்பாரா, இல்லை தெரிந்தே அழகுக்காக வைத்திருந்தாரா, அதைக் கேட்க இப்போது ஆளில்லை.

சரி, கறுப்புக் கல்லுக்கு வருவோம்.

நம் காலத்து வழக்கப்படி முதலில் கைபேசியில் செடி கண்டுபிடிக்கும் செயலியைத்தான் நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'மாமரம்' என்றது. சிரித்தேன், ஆனால் அது அவ்வளவு முட்டாள்தனமான பதில் இல்லை என்பது கொல்லைக்குப் போய் ஒரு மாவிலையைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது. அதே நீளம், அதே நாக்கு வடிவம், நடுவில் அதே தடித்த நரம்பு, ஓரத்தில் பல் இல்லை. தோரணத்துக்குக் கட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் நரம்புகளில் இருந்தது, அதைப் பார்க்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. பகல் வெளிச்சத்தில் ஃபாசில் இலை பாதி மறைந்துவிடும், டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் முழுக்க மறைந்துவிடும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு படுக்கவைத்து அடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். நான் கல்லை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சட்டென்று, மீன்வலையை உதறி விரித்தது போல, இலை முழுவதும் நரம்புகள் எழுந்து நின்றன. இருபத்தைந்து கோடி வருடத்துக்கு மேல் பழைய இலை என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது மாவிலையைப் பாருங்கள். நடுநரம்பு, அதிலிருந்து விலா எலும்பு மாதிரி கிளை நரம்புகள், அவற்றுக்கு இடையில் அவற்றை விட மெல்லியவை, அதற்குள் இன்னும் மெல்லியவை. வீதி, தெரு, சந்து, முடுக்கு என்று ஊருக்குள் இருக்கிற மாதிரி ஒரு வரிசை உண்டு. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் இப்படித்தான். கறுப்புக் கல்லில் இருந்த இலையில் வீதி ஒன்று, மற்றதெல்லாம் சந்து. நடுநரம்பிலிருந்து கிளம்பும் நரம்புகள் எல்லாம் ஒரே தடிமன், வில்லாக வளைந்து ஓரத்துக்குப் போகின்றன, போகிற வழியில் பிரிந்து பிரிந்து பக்கத்து நரம்போடு சேர்ந்து நீள நீளமான கண்ணிகளாக ஒரு வலை. நடுநரம்புகூட ஒரே கோடு இல்லை, பல இழைகள் சேர்ந்து ஓடுகிற கற்றை.

நாக்கு வடிவம், தெளிவான நடுநரம்பு, ஒரே தடிமனில் வலை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது கிளாசாப்டெரிஸ். நடுநரம்பு சரியாக உருவாகாமல் வலை மட்டும் இருந்திருந்தால் அதன் பங்காளியான கங்கமாப்டெரிஸ். கங்கை என்று காதில் விழுந்தாலும் அந்தப் பெயருக்கும் கங்கைக்கும் சம்பந்தமில்லை, கிரேக்கத்தில் 'வலைப் பெரணி'. கிளாசாப்டெரிஸ் என்ற பெயரை 1828-இல் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் பிரோஞ்யார். கிரேக்கத்தில் 'நாக்குப் பெரணி'. அவர் கையில் இருந்தவை இந்தியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த கற்கள். பெரணி என்று அவர் நினைத்தது தப்பு, இது விதை வைக்கிற மரம். ஆனால் அதை நிரூபிக்க 124 வருடம் ஆனது: 1952-இல் தென்னாப்பிரிக்காவில் எட்னா பிளம்ஸ்டெட் என்ற பெண்மணி, இலையோடு ஒட்டியபடியே இருந்த இனப்பெருக்க உறுப்புகளை விவரித்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. இதன் வேருக்கு வெர்டெப்ரேரியா என்று தனிப் பெயர், விதைக்கும் காய்க்கும் தனித்தனிப் பெயர்கள். ஒரே மரத்துக்கு வேர் ஒரு பெயர், இலை ஒரு பெயர் என்று எதற்கு இந்தக் கூத்து என்று தோன்றும், ஆனால் எல்லாம் தனித்தனியாகத்தான் கல்லில் கிடைக்கின்றன, ஒட்டிக்கொண்டு கிடைப்பது அபூர்வம். கிடைக்கிற வரை பெயர்களை ஒட்டக்கூடாது என்பது அந்தத் துறையின் ஒழுக்கம், எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த இலையைப் பற்றிப் படிக்கப் போனால் யாராக இருந்தாலும் தென் துருவத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். 1912 ஜனவரி 17 அன்று ராபர்ட் ஸ்காட்டும் நான்கு பேரும் தென் துருவத்தை அடைந்தார்கள், அமுண்ட்சென் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார். மனம் உடைந்து திரும்பும் வழியில், பிப்ரவரி 8-ஆம் தேதி, பியர்ட்மோர் பனியாற்றின் அருகே பக்லி மலையடியில் நின்று கல் பொறுக்கினார்கள். பட்டினி, பனிப்புண், சக்தியே இல்லை. ஆனாலும் எட்வர்ட் வில்சன் நிலக்கரிப் படிவங்களுக்கு நடுவே இலை பதிந்த கற்களைப் பார்த்துவிட்டார், விட மனமில்லை. ஏறக்குறைய 16 கிலோ கல்லைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கையாலேயே இழுத்தார்கள். எல்லோரும் இறந்தார்கள். நவம்பரில் தேடி வந்தவர்கள் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது கற்களும் அங்கேயே இருந்தன. 1914-இல் கேம்பிரிட்ஜில் ஆல்பர்ட் சீவார்ட் அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கிளாசாப்டெரிஸ். தன்பாத் இருக்கிற நம் தாமோதர் பள்ளத்தாக்கில் கரி வெட்டும்போது உதிர்கிற அதே இலை.

இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா, இப்போது அண்டார்டிகாவும். இந்த மரத்தின் விதை காற்றில் பறந்து மகாசமுத்திரம் தாண்டுகிற ரகம் இல்லை. அப்படியென்றால் நிலங்கள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஸ்காட் துருவத்தை அடைந்த அதே 1912 ஜனவரியில்தான் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வெகெனர் கண்டங்கள் நகர்கின்றன என்று முதல் உரை நிகழ்த்தி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அந்தச் சேர்ந்த நிலத்துக்குப் பெயர் கோண்ட்வானா, கோண்டு மக்களின் நாட்டிலிருந்து வந்த பெயர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இருந்த மெட்லிகாட் 1872-இல் நம் பாறைகளுக்கு வைத்த பெயரை ஆஸ்திரிய நிலவியலாளர் எட்வர்ட் சூயெஸ் எடுத்து முழுக் கண்டத்துக்கும் சூட்டினார்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. கிளாசாப்டெரிஸ் பெர்மியன் காலத்து மரம், சுமார் 30 கோடி ஆண்டுகளிலிருந்து 25 கோடி ஆண்டுகள் முன்பு வரை. அந்தக் காலம் முடிந்த பேரழிவோடு அதுவும் முடிந்தது. தமிழ்நாட்டில் இலைக் கல் கிடைக்கிற ஸ்ரீபெரும்புதூர், சிவகங்கை, தெரணி எல்லாம் அதற்குப் பத்துக் கோடி வருடத்துக்கு மேல் பிந்தையவை. தமிழ்ப் பேப்பரில் சுற்றியிருந்த என் கல் எந்தக் காலத்திலும் தமிழ்நாட்டுக் கல்லாக இருக்க முடியாது. ஒட்டிய சீட்டைக் கிழித்தேன்.

அப்போது இந்திப் பேப்பர் கல்?

இங்கே ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தனக் கல்லில் தூசு படிந்திருந்ததால் ஓலை மங்கலாகத் தெரிந்தது. கறுப்புக் கல்லை ஈரத்துணியால் துடைத்ததில் பளிச்சென்று ஆனதே என்று, இதையும் குழாயடியில் காட்டினேன். பத்து வினாடி இருக்கும். விரலுக்கு அடியில் கல் வழுக்கிற மாதிரி இருந்தது, பிறகு குழைந்தது, பார்த்தால் வெள்ளைப் பால் வழிந்து போகிறது, அதோடு மேல் ஓரத்துச் சிற்றிலைகள் நான்கும். அது கல்லே இல்லை, இறுகிய களிமண். அலறி எடுத்து, துணியில் போர்த்தி, நிழலில் காய வைத்தேன். மீதி பிழைத்தது. மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனாள், அதுதான் அதிகம் வலித்தது. இதைப் படிக்கிற யாராவது கையில் களிமண் ஃபாசில் இருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், மெல்லிய தூரிகை போதும்.

ஆனால் அந்த வெள்ளைப் பால்தான் முதல் உண்மையான துப்பு. நிலக்கரிக்கு நடுவில் வரும் களிப்பாறை கரியால் கறுத்திருக்கும், ஏடு ஏடாகப் பிளக்கும், விரலில் கறை ஒட்டும். இது அப்படி இல்லை. வெளிறியது, சோப்பு மாதிரி மென்மை, பீங்கான் செய்கிற மண்.

அப்புறம் ஓலை. தடித்த நடுக்காம்பு, இரண்டு பக்கமும் நெருக்கமாகச் சிற்றிலைகள். பார்த்தவுடன் சைகஸ் என்று தோன்றும், அலுவலக வாசலில் தொட்டியில் வைத்திருப்பார்களே, அந்தக் குட்டைப் பனை மாதிரிச் செடி. லென்ஸில் பார்த்தால் சிற்றிலைகள் காம்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கவில்லை, காம்பின் மேல்பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன, காம்பையே பாதி மறைக்கிற அளவுக்கு. ஒவ்வொரு சிற்றிலைக்கும் அடியில் மேல் மூலை உருண்டை, கீழ் மூலை காம்போடு இழைந்து கீழே இறங்குகிறது. நரம்புகள் இணைகோடுகளாக ஓடுகின்றன, வலை இல்லை. இந்த அடி மூலை விஷயம் நகம் அளவு கூட இல்லை, ஆனால் பெயரே அதில்தான் இருக்கிறது. அடி முழு அகலமாகப் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் டெரோஃபில்லம், அடியில் காது மாதிரி மடல் இருந்தால் ஓட்டோசமைட்டிஸ், நரம்பு வலையாக இருந்தால் டிக்டியோசமைட்டிஸ். எனக்குக் கிடைத்தது டிலோஃபில்லம். 1840-இல் கட்ச் பகுதிக் கற்களை வைத்துப் பெயரிடப்பட்டது, பிறகு பீகார் பக்கத்து ராஜ்மஹால் மலைகளிலும் நம் சோழமண்டலக் கரையோரத்திலும் ஏராளமாகக் கிடைத்தது.

சைகஸ் போல இருந்தாலும் இது சைகஸ் இல்லை. பென்னட்டிட்டேல்ஸ் என்ற, இன்று பூண்டோடு அழிந்துபோன குடும்பம். வெறும் வடிவத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், இலையின் மேல்தோல் கரியாக மிஞ்சியிருந்தால் அமிலத்தில் ஊறவைத்து உரித்து, நுண்ணோக்கியில் இலைத்துளைகளின் அமைப்பைப் பார்த்துப் பிரிப்பார்கள். என் கல்லில் தோல் எதுவும் மிஞ்சவில்லை, வெறும் அச்சு. இந்தக் குடும்பத்து மரத்தை முழுசாகக் கூட்டிச் சேர்த்துக் காட்டியவர் இந்தியத் தாவர ஃபாசில் ஆய்வாளர் பீர்பல் சாஹ்னி. தண்டு ஒரு பெயரில், இலை ஒரு பெயரில், பூ மாதிரியான உறுப்பு ஒரு பெயரில் கிடந்ததை ராஜ்மஹால் கற்களைக் கொண்டு 1932-இல் ஒரே மரமாக நிறுத்தி, வில்லியம்சோனியா சீவார்டியானா என்று பெயர் வைத்தார். சீவார்ட் யாரென்று ஞாபகம் இருக்கிறதா? ஸ்காட்டின் கற்களைப் பார்த்த அதே கேம்பிரிட்ஜ்காரர், சாஹ்னியின் ஆசிரியர். அதே சீவார்ட் 1922-இல் ஹோல்ட்டமோடு சேர்ந்து இலங்கையில் புத்தளம் பக்கத்துத் தப்போவ இலைக் கற்களையும் விவரித்திருக்கிறார். நான் எந்த இலையைத் தூக்கினாலும் அடியில் இந்த மனுஷர் கையெழுத்து இருக்கிறது.

வெள்ளைக் களிமண்ணில் டிலோஃபில்லம் என்றதும் திருச்சிக்காரனான எனக்கு ஒரு ஊர்தான் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீதிக் கல்லைப் பஞ்சில் சுற்றிச் சோற்று டப்பாவில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய்த் திரும்பினால் தெரணி. பக்கத்தில்தான் ஊட்டத்தூர், காரை. நிலவியல் புத்தகங்களில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பெயர்கள், ஊருக்குள் டீக்கடையில் கேட்டால் "கல்லு பார்க்க வந்தீங்களா" என்று ஒரு சலிப்போடு வழி சொல்வார்கள். பிளான்ஃபோர்ட் 1862-இல் எழுதிய திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களின் நிலவியல் அறிக்கையிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது. காரையில் கடல் விலங்குகள், அம்மோனைட், பெலம்னைட் எல்லாம். அதற்கு அடியில், கடல் ஏறி வருவதற்கு முன் நன்னீரில் படிந்த களிமண், அதில் இலைகள். தொடக்கக் கிரெட்டேசியஸ் காலம். கோண்ட்வானா உடைந்து இந்தியா அண்டார்டிகாவை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தபோது விரிந்த பள்ளத்தில்தான் இதெல்லாம் படிந்தது. காவிரிப் படுகை என்கிறோமே, அதன் பிறப்பே அந்த விரிசல்.

களிமண் வெட்டிய குழியின் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் டப்பாவைத் திறந்து காட்டினேன். வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "இங்கத்த மண்ணுதான் தம்பி. ஈச்ச ஓலை மாதிரி இருக்குமே, அது. கடப்பாரை போடுறப்ப வரும், லாரியில போயிரும்" என்றார். உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் வாசலோரம் கொட்டிக் கிடந்த கட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அதே சந்தன நிறம், அங்கங்கே அதே ரோஜா நிறத் தீற்றல், நகத்தால் கீறினால் அதே மாவு. ஏழாவதோ எட்டாவதோ கட்டியின் பிளவில் ஒரு துண்டு ஓலை, நான்கே சிற்றிலை, அடியில் அதே உருண்டை மூலை. என் குழாயடியில் போன நான்கும் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், படம் மட்டும் எடுத்தேன்.

தன்பாத்திலிருந்த பெரியப்பாவுக்குத் தெரணி மண் எப்படிப் போனது என்று ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "எந்தம்பி அந்தப் பக்கம்தாண்டா லாரி ஓட்டினான், பீங்கான் ஆலைக்கு மண்ணு ஏத்திக்கிட்டு. அவன் கொடுத்திருப்பான்" என்றார் சாதாரணமாக. பேப்பர்? "வீடு மாறுறப்ப எல்லாத்தையும் நாந்தானே சுத்தினேன், கைக்கு எது கெடச்சுதோ அது." தன்பாத்திலிருந்து கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களைச் சுற்றியிருந்த இந்திப் பேப்பரை மடித்து மடித்து வைத்திருந்தாராம், வீணாக்குவானேன் என்று.

அவ்வளவுதான் என் துப்பறியும் தொழில். காகிதம் பொய் சொல்லும், மண் பொய் சொல்லாது என்று சொல்லலாம்தான், ஆனால் மனிதர்கள் நினைத்தால் அதையும் பொய் சொல்ல வைக்கலாம். 1989-இல் ஜான் டேலன்ட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் நேச்சர் இதழில் ஒரு பெரிய குட்டை உடைத்தார். இமயமலையில் கிடைத்ததாக ஒரு இந்தியப் பேராசிரியர் வருடக்கணக்கில் எழுதிவந்த ஃபாசில்களில் பல வேறு நாடுகளின் சரக்கு என்று. சில அம்மோனாய்டுகள் மொராக்கோவைச் சேர்ந்தவை மாதிரி, கானடோன்ட் என்ற நுண்பற்கள் நியூயார்க் மாநிலத்து ஓர் ஓடைப் பாறையைச் சேர்ந்தவை மாதிரி. அதனால் கெட்டது ஒரு பேராசிரியரின் பெயர் மட்டுமில்லை, அந்தக் கட்டுரைகளை நம்பி இமயமலையின் வயதைப் பற்றி எழுதிய மற்றவர்களின் வேலையும்தான். உயிரி எது என்று சரியாகச் சொல்லிவிட்டு ஊரைப் பொய்யாகச் சொன்னால் இவ்வளவு நாசம்.

கறுப்புக் கல் மட்டும் பாக்கி. தாமோதர் பள்ளத்தாக்கு என்பது பெரியப்பாவின் வாழ்க்கையை வைத்தே சொல்லலாம், ஆனால் ஜாரியா நிலக்கரிப் பகுதியா ராணிகஞ்ச் பகுதியா, எந்த அடுக்கு? அடியிலிருந்து மேலே தால்சிர், பராகர், கரியே இல்லாத ஒரு நடு அடுக்கு, அதற்கும் மேல் ராணிகஞ்ச் என்று வரிசை. கிளாசாப்டெரிஸ் எல்லாவற்றிலும் உண்டு, அடியில் கங்கமாப்டெரிஸ் அதிகம், மேலே போகப் போகக் கிளாசாப்டெரிஸ் வகைகள் பெருகும். என் இலை எந்தச் சிற்றினம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, கண்ணி அகலமா குறுகலா என்பதில் ஆரம்பிக்கும் சண்டை அது. சரியாகச் செய்ய வேண்டுமானால் கல்லில் ஒரு துணுக்கை அமிலத்தில் கரைத்து மகரந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், லக்னோவில் சாஹ்னியின் பெயரில் இருக்கிற நிறுவனம் மாதிரி இடத்து வேலை, என் வீட்டு மொட்டை மாடியில் ஆகாது.

ஆனால் கல்லைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு பரிசு இருந்தது. கரும்புத் துண்டு போலக் கணுவும் நெடுக வரியும் உள்ள ஒரு தண்டு, கணுவில் உறை மாதிரி அகலமான இலை. ஸ்கிசோனூரா. ராணிகஞ்ச் அடுக்கில் சகஜமாகக் கிடைப்பது. பெரியப்பாவின் சர்வே நோட்டில் கடைசி நான்கு வருடங்கள் அசன்சோல் பக்கத்துச் சுரங்கங்கள். இரண்டையும் சேர்த்து, 'ராணிகஞ்ச் அடுக்காக இருக்கலாம்' என்று பென்சிலால் எழுதி ஒட்டினேன். 'இருக்கலாம்' என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

அந்தப் பின்பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. தண்டுக்குப் பக்கத்தில் வட்டத்தின் கால்பங்கு மாதிரி ஒரு கரிய வளைவு, அரை விரல் அகலம், ஓரம் மழுங்கி உள்ளே கொஞ்சம் பளபளப்பு. கிளாசாப்டெரிஸின் விதைத் தாங்கி இலையோடு ஒட்டியபடி கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று மேலே எழுதினேனே, அந்த நினைப்பிலேயே இருந்த எனக்கு அதைப் பார்த்துத் தூக்கம் போனது. இரண்டு வாரம் அளந்தேன், வரைந்தேன், பக்கவாட்டு வெளிச்சத்தில் இருபது படம் எடுத்து நிலவியல் படித்த நண்பனுக்கு அனுப்பினேன். அவனும் "சுவாரசியமா இருக்கு, தொடாதே" என்றான்.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். மேசை மேல் பஞ்சில் படுத்திருந்த கல்லைப் பார்த்துவிட்டு, "இதையா பத்திரமா வச்சிருக்க? எங்கிட்ட ஊர்லேர்ந்து கொண்டுவந்த மாவடு ஜாடி ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு மேல பாரத்துக்கு வச்சிருந்தேன் ஏழெட்டு வருஷம். உங்க பெரியப்பா ஒருநாள் பார்த்துட்டு ருத்ரதாண்டவம் ஆடிட்டாரு, பிடுங்கித் துடைச்சிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு. ஒட்டியிருந்த சீட்டு எண்ணெயில ஊறி உரிஞ்சு போச்சாம், அதுக்கு ரெண்டு நாள் எங்கூடப் பேசல" என்றார். கல்லைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். கட்டை விரலால் அந்தக் கரிய வளைவைத் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோனார்.

"நல்லெண்ணெய். இன்னும் போகல பாரு."